அடிபிடித்த அமிர்தம்

பதினோரு வருஷமாக யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கொரோனா மாதங்களைக் கழித்தாலும் நூறு பௌர்ணமிக்கு மேல் வரும். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மூன்று அண்டா சாம்பார் சாதம். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிப் போட்ட தகரப் பந்தலில் அதை வாங்கிய அத்தனை பேரும் காகிதத் தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “அமிர்தம் சார்” என்று கோதண்டராமனிடம் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்திருக்கிறார்கள். அவரும் நம்பினார். ஒரு மனிதனிடம் ஆயிரம் வாய் அமிர்தம் என்று சொன்னால் அவன் தன்னைத் தேவலோகத்துச் சமையல்காரனாக நினைத்துக்கொள்வது இயற்கைதான். அதிலும் முப்பத்திரண்டு வருஷம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன் என்றால் கேட்கவே வேண்டாம். பட்டா மாற்றத்துக்கு வந்து கைகட்டி நிற்கிறவன் எவனும், ஐயா உங்கள் கையெழுத்து கோணலாக இருக்கிறது என்று சொல்லப்போவதில்லை.

ஓய்வு பெற்றதும் அவர் கீழ்பென்னாத்தூர் வீட்டைத் தம்பிக்கு விட்டுவிட்டு, மனைவி வள்ளியோடு செங்கம் சாலையில், ரமணாசிரமம் பக்கம் வீடு கட்டிக் குடிவந்தார். மலையைப் பார்த்துக்கொண்டே கடைசிக் காலத்தைக் கழிக்கப்போவதாக ஊரில் சொல்லிக்கொண்டார். உண்மைக் காரணம் வேறு. கீழ்பென்னாத்தூர் கடைத்தெருவில் அவரைப் பார்த்து வண்டியை நிறுத்தி வணக்கம் சொன்னவர்கள், பதவி போன மறுநாளே ஹாரன் அடித்து ஒதுங்கச் சொன்னார்கள். அந்த அவமானத்தை அவரால் விழுங்க முடியவில்லை. இங்கே வந்த ஆறாம் மாதம் பௌர்ணமி அன்னதானக் குழுவில் சேர்ந்து கரண்டியைப் பிடித்தார். அன்று ஆயிரம் பேர் அவர் முன்னால் குனிந்து தட்டை நீட்டினார்கள். போன கும்பிடெல்லாம் திரும்பி வந்துவிட்டது. மாதத்தில் இருபத்தொன்பது நாள் அவர் ஒரு பென்ஷன்காரர். பௌர்ணமி அன்று மட்டும் சாமியின் வலது கை.

சமையலில் அவருக்குச் சில சட்டங்கள் இருந்தன. விறகடுப்புதான், காஸ் கூடாது. கிளறுகிற துடுப்பை வேறு யாரும் தொடக்கூடாது. கிளறும்போது கண்ணை மூடிப் பதிகம் பாட வேண்டும். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது கை தானாக நின்றுவிடும், பக்திக்கு முன்னால் சாம்பார் எம்மாத்திரம்? மலைக்குக் கற்பூரம் காட்டிப் படைக்கும் முன் ஒரு பருக்கையை நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. படைத்த பிறகும் அவர் சாப்பிட மாட்டார். பௌர்ணமி விரதம், அன்றைக்குப் பாலும் பழமும்தான். வள்ளிக்கும் அதே விரதம். ஆக, நூறு பௌர்ணமிக்குச் சமைத்த மனிதர் தன் சமையலை ஒருமுறைகூட வாயில் போட்டதில்லை. வாசனையாவது தெரிய வேண்டுமே என்றால், முப்பது வருஷத்து மூக்குப்பொடி அந்த மூக்கை எப்போதோ முடித்துவிட்டிருந்தது. புகை வாடை அடிக்கிறதே என்று முதல் வருஷம் யாரோ முனகியபோது, அதுதான் விறகடுப்பு மணம் என்று அவர் பாடம் நடத்தினார். அப்புறம் யாரும் முனகவில்லை.

சாமி சோற்றில் குறை சொல்லக் கூடாது என்பது இந்தப் பாதையில் நடக்கிறவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது ஹென்க்குக்கு மட்டும் தெரியவில்லை.

ஹென்க் ஹாலந்துக்காரர். அறுபத்தெட்டு வயது, ஆறடி மூன்று அங்குலம், வழுக்கைத் தலை, வேட்டிக்கு மேல் பெல்ட். அவர் நாட்டில் அவருக்குப் பாலங்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து எழுதிக் கொடுக்கிற உத்தியோகம். ஆறு வருஷமாக இங்கே ஒரு வாடகை அறையில் இருக்கிறார். புத்தகம் வைத்துத் தமிழ் படித்ததால் ரேடியோவில் செய்தி வாசிப்பது மாதிரி பேசுவார். ஆடிப் பௌர்ணமி அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு, வரிசை பந்தலைத் தாண்டி நீண்டிருந்த நேரத்தில், காலித் தட்டோடு அண்டா முன்னால் வந்து நின்றார்.

“சார், வணக்கம். இன்றைய சாதம் அடிபிடித்துவிட்டது. சென்ற பௌர்ணமியும் அப்படித்தான். அதற்கு முந்தையதும். தீயைக் குறைத்து, கிளறுவதை நிறுத்தாமல் இருந்தால் சரியாகும் என்று நினைக்கிறேன்.”

வரிசை அப்படியே உறைந்தது. முப்பத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் தாசில்தார்கூடக் கோதண்டராமனிடம் இப்படிப் பேசியதில்லை. அதுவும் ஆயிரம் பேர் முன்னால். வரிசையில் நின்ற ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஹென்க், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட திருப்தியில், தட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டுக் கைகழுவி, கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் குழு கூடியது. இடம், தலைவர் கண்ணாயிரத்தின் வாடகைப் பாத்திரக் கடை. கவிழ்த்து அடுக்கிய அண்டாக்களுக்கு நடுவே பதினான்கு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து கொதித்தார்கள். இந்த ஊர்க்காரர்களிடம் ஒரு குறையைச் சொன்னால், குறை இருக்கிறதா என்று பார்க்கிறதற்கு முன் சொன்னவனுடைய பிறப்புச் சான்றிதழைப் பார்ப்பார்கள். அவன் ஊரில் என்ன தின்கிறான், பாதி வெந்த மாட்டைத் தின்கிறவனுக்குச் சாம்பாரைப் பற்றி என்ன தெரியும் என்றார் ஒருவர். விசா இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும் என்றார் இன்னொருவர். இருநூறு வருஷம் நம்மைச் சுரண்டியவர்கள் என்று மூன்றாமவர் ஆரம்பித்தார். சுரண்டியது வேறு நாடு என்று யாரோ திருத்த, எல்லாம் ஒரே நிறம்தான் என்று அவர் முடித்துவிட்டார். செல்போன் கடை வைத்திருக்கும் சரவணகுமார் அங்கேயே உட்கார்ந்து ஒரு கண்டன அறிக்கை எழுதி மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் போட்டான். பந்தலையே கண்ணால் பார்த்திராத நானூறு பேர் அரை மணி நேரத்தில் கண்டனம், கண்டனம் என்று கைகூப்பினார்கள். சாதம் அடிபிடித்ததா என்ற ஒரே ஒரு கேள்வியை அந்தக் கடையில் யாரும் கேட்கவில்லை.

கேட்டது கோதண்டராமன்தான். பதில் தெரிந்துதான் கேட்டார். எழுந்து நின்று, துண்டைச் சரிசெய்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

“நீங்க சொல்லுங்க. பதினோரு வருஷமா நம்ம ஊருல நான் சமைக்கிறேன். அடிபிடிச்சுதா?”

பதினான்கு பேரும் பதறிப்போனார்கள். அமிர்தம் சார் என்றார் கண்ணாயிரம். மற்றவர்கள் அதையே முன்னும் பின்னுமாகச் சொன்னார்கள். ஒருவர் மட்டும் இருமினார், அதுவும் வெற்றிலைக் காறலாக இருக்கலாம். கோதண்டராமனுக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்தப் பெருமிதத்தில் சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டார்.

“வெளிநாட்டுக்காரன் பேச்சை உடுங்க. நம்ம ஆளு ஒருத்தர், ஒரே ஒருத்தர், அடிபிடிச்சிருக்குன்னு சொல்லட்டும். அன்னிக்கே கரண்டிய கீழ வெச்சிடறேன்.”

யாரும் அப்படிச் சொல்லப்போவதில்லை என்பதில் அவருக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை. வீட்டுக்கு வந்து வள்ளியிடம் நடந்ததைச் சொல்லி, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டார். கீரை ஆய்ந்துகொண்டிருந்த வள்ளி தலையைத் தூக்கவில்லை. எனக்கு எப்படிங்க தெரியும், நானும் விரதம்தானே என்று சொல்லிவிட்டு, அடுப்பில் எதுவும் இல்லாத சமையலறைக்குள் அவசரமாகப் போனாள்.

குழு கண்டித்தாகிவிட்டது. ஆனால் அவருக்கு ஆறவில்லை. வந்தவன் நம் குறையைச் சொன்னான் அல்லவா, அவர்கள் குறையை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தால்தான் தூக்கம் வரும் என்று தோன்றியது. ஹென்க் எங்கே இருப்பார் என்று விசாரித்தார். மாறன் என்கிற உள்ளூர்ப் பையன் நடத்துகிற மொட்டைமாடிக் காப்பிக் கடையில் வியாழக்கிழமை சாயங்காலம் வெள்ளைக்காரர்கள் கூடிப் பஜனை பாடுவார்கள், அங்கே இருப்பார் என்று தெரிந்தது. கோதண்டராமன் சலவை வேட்டி கட்டி, திருநீறு பூசி, போருக்குப் போகிறவர் மாதிரி படியேறினார்.

மேலே முப்பது பேர் மெத்தைத் திண்டுகளில் உட்கார்ந்திருந்தார்கள். கலிபோர்னியாவிலிருந்து வந்த கிளேர் என்ற அம்மாள் கிதாரைத் தடவிக்கொண்டே பாட, மற்றவர்கள் கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தார்கள். சிவன் பெயரைக் கடித்துத் துப்பி, ஒவ்வொரு அடியையும் இழுத்து இழுத்து, ஏதோ இழவு வீடு மாதிரி இருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முப்பது பேரும் மலையைப் பார்த்துக் காலை நீட்டியிருந்தார்கள். அறுபது உள்ளங்கால்கள், சாமியின் முகத்துக்கு நேராக.

பாட்டு முடிந்ததும் அவர் நடுவில் போய் நின்றார். கலெக்டருக்கு அறிக்கை எழுதிப் பழகிய இங்கிலீஷில் மூன்று குற்றங்களை வரிசையாகச் சொன்னார். உச்சரிப்பு கேவலம். ராகம் என்று ஒன்று இல்லவே இல்லை. மலைக்கு நேரே காலை நீட்டுவது அநாகரிகம். சொல்லிவிட்டு, வரப்போகிற சண்டைக்குத் தயாராக மார்பை நிமிர்த்தினார்.

சண்டை வரவில்லை. கிளேர் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடி, நீளமாக ஒரு மூச்சு விட்டாள். உங்கள் மனதில் இருப்பதை எங்களோடு பகிர்ந்துகொண்டதற்கு நன்றி என்றாள். முப்பது பேரும் புன்னகைத்தார்கள். ஒரு பெண் கண் கலங்கி எழுந்து வந்து அவரைக் கட்டிப்பிடித்தாள். எழுபதை நெருங்கும் இந்த வயதுவரை வள்ளிகூட அவரைப் பலர் முன்னால் தொட்டதில்லை. அவர் மரக்கட்டையாக நின்றார். பிறகு எல்லோரும் உட்கார்ந்து, அதே பாட்டை, அதே உச்சரிப்பில், அதே கால்களை மலையைப் பார்த்து நீட்டிக்கொண்டு, மறுபடி பாடினார்கள். பஞ்சு மூட்டையைக் குத்திக் கை வலித்தது போல அவருக்கு ஆகிவிட்டது.

ஒருவர் மட்டும் இந்த முறை காலை மடக்கிக்கொண்டிருந்தார். ஹென்க். கோதண்டராமன் படியிறங்கும்போது பின்னாலேயே வந்து, ஒரு சின்ன நோட்டை எடுத்து, எந்தெந்த எழுத்து தவறு என்று சொல்ல முடியுமா என்று கேட்டார். காலை நீட்டக் கூடாது என்று ஆறு வருடமாக யாரும் சொல்லவில்லை, சொன்னதற்கு நன்றி என்றார். அந்த நன்றியில் கைகூப்பலோ கண்ணீரோ எதுவும் இல்லை. பாலத்தில் விரிசல் இருக்கிறது என்று தகவல் வந்தால் எழுதிக்கொள்கிற மாதிரி எழுதிக்கொண்டார்.

“பாட்டு மோசம் என்று நானும் கூறினேன் சார். அன்று முதல் என்னைக் கைதட்ட மட்டுமே அனுமதிக்கிறார்கள்.”

கோதண்டராமனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டார், எதிரியிடம் சிரிக்கக் கூடாது. அப்போதுதான் ஹென்க் அந்தக் கேள்வியைக் கேட்டார். உங்கள் சாதத்தை நீங்கள் சாப்பிட்டுப் பார்த்தீர்களா? கோதண்டராமன் அவரை ஏற இறங்கப் பார்த்து, படைக்கிறவன் ருசி பார்க்க மாட்டான், பதினோரு வருஷமாக அன்றைக்கு எனக்கு விரதம், இதெல்லாம் உங்களுக்குப் புரியாது என்றார். ஹென்க் கொஞ்சம் யோசித்தார்.

“பதினோரு வருடங்களாகவா?”

இவ்வளவுதான் கேட்டார். கோதண்டராமன் திரும்பிப் பார்க்காமல் மீதிப் படிகளை இறங்கினார்.

மறுநாள் மாறன் போன் செய்தான். தயங்கித் தயங்கிப் பேசினான். “தப்பா எடுத்துக்காதீங்க சார். வியாழக்கிழமை மட்டும் நீங்க வர வேணாம்னு சொல்லச் சொன்னாங்க. உங்களால அங்க வைப்ரேஷன் கெட்டுப்போச்சாம்.” கட்டிப்பிடித்த பெண்தான் அதை முதலில் சொன்னாளாம்.

கோதண்டராமன் போனை வைத்துவிட்டுத் தனக்குள் சிரித்தார். நம் ஆட்கள் மூஞ்சிக்கு நேரே கத்துவார்கள், ரெண்டு நாள் போனால் டீ வாங்கித் தருவார்கள். இவர்கள் கட்டிப்பிடித்துவிட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். த்தூ, இதுவும் ஒரு பிழைப்பா என்று வாய்விட்டே சொன்னார். அது வரை சரி. ஆனால் ரெண்டு கூட்டத்துக்கும் சொன்ன விஷயம் மட்டும் காதில் ஏறவில்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை. அந்த ‘பதினோரு வருடங்களாகவா’ என்ற கேள்வி மட்டும் பல்லில் மாட்டிய நார் மாதிரி இருந்துகொண்டே இருந்தது.

ஆவணிப் பௌர்ணமி வந்தது. திதி மதியமே ஆரம்பித்துவிட்டதால் மூன்று மணிக்கே பாதை நிறைந்துவிட்டது. கோதண்டராமன் வைராக்கியத்தோடு சமைத்தார். விறகை வழக்கத்தைவிட ஜாஸ்தியாகத் திணித்தார். பதிகத்தை வழக்கத்தைவிட உரக்கப் பாடினார், கை வழக்கத்தைவிட நீளமாக நின்றது. கற்பூரம் காட்டியதும் முதல் தட்டைத் தலைவர் என்ற மரியாதைக்குக் கண்ணாயிரத்திடம் கொடுத்தார். கண்ணாயிரம் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அமிர்தம் சார் என்றார். இன்னும் வாயில் வைக்கவே இல்லை.

ஒரு மணி நேரம் பரிமாறியிருப்பார். பிறகு கரண்டியைச் சரவணகுமாரிடம் கொடுத்துவிட்டு, தட்டு வாங்கிப் போகிறவர்களின் பின்னாலேயே நடந்தார். அவருடைய கணக்கு எளிமையானது. ஜனங்கள் ரசித்துச் சாப்பிடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், நாலு பேரைச் செல்போனில் படம் எடுக்க வேண்டும், அதை அந்த ஹாலந்துக்காரன் மூஞ்சியில் காட்ட வேண்டும். இத்தனை வருஷத்தில் அவர் பந்தலை விட்டு அந்தப் பக்கம் போனதே இல்லை. கும்பிடு கிடைக்கிற இடத்தை விட்டு எதற்குப் போக வேண்டும்?

பந்தலிலிருந்து எண்பது அடியில் பாதை வளைகிறது. வளைவுக்கு அப்பால் ஓடைக்கு மேல் ஒரு சின்னப் பாலம், அதற்கு இடுப்பளவு கைப்பிடிச் சுவர். சற்றுமுன் அவரிடம் அமிர்தம் என்று சொல்லிக் கண் கலங்கிய ஒரு செங்கல்பட்டு அம்மாளும் அவள் புருஷனும் அங்கே நின்றிருந்தார்கள். அம்மாள் ஒரு வாய் எடுத்து வைத்தாள். வாய் அசையாமல் நின்றது. புருஷனைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே துப்பிவிட்டிருந்தான். இரண்டு பேரும் மலையைப் பார்த்துத் திரும்பி, பயபக்தியோடு கன்னத்தில் மாறி மாறிப் போட்டுக்கொண்டு, தட்டை மடித்து, சுவரோரம் வாய் திறந்திருந்த சாக்கில் போட்டுவிட்டு நடந்தார்கள்.

அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் அதையேதான் செய்தார்கள். ஒரு வாய், ஒரு பார்வை, கன்னத்தில் ரெண்டு போடு, சாக்கு. பழகின கோயிலில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி ஒழுங்காக நடந்தது. பெங்களூர்க்காரர்கள் போட்டார்கள், ஆந்திராக்காரர்கள் போட்டார்கள். வாய் வைக்காமலே போட்டவர்கள் பழைய ஆட்களாக இருக்க வேண்டும். பாலத்தடியில் படுத்திருந்த ரெண்டு நாய்கள் எழுந்துகூடப் பார்க்கவில்லை. சாக்கு மூன்று நிறைந்திருந்தது, நாலாவதைப் பிடித்துக்கொண்டு பச்சைச் சட்டை போட்ட ராணியம்மாள் நின்றார். கிரிவலப் பாதையைப் பெருக்குகிற ஒப்பந்தத் தொழிலாளி. ஒவ்வொரு பௌர்ணமியும் பந்தல் வழியாகப் போகிறபோது கோதண்டராமன் அவரைப் பார்த்திருக்கிறார், ஒருமுறையும் பேசியதில்லை.

“வாங்க சார்,” என்றார் ராணியம்மாள் சாதாரணமாக. “ஆவணி ஆச்சே, கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்னு ரெண்டு சாக்கு சேத்தே எடுத்தாந்தேன்.”

எத்தனை நாளாக இப்படி என்று கோதண்டராமன் கேட்டார். நான் இங்கே வேலைக்கு வந்து ஏழு வருஷம், அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது என்றார் ராணியம்மாள். பதினெட்டு பந்தல் இருக்கிறது சார், மற்ற இடமெல்லாம் காலித் தட்டாக வரும், உங்கள் வளைவில்தான் தூக்க முடியாத கனம் என்றார். அதில் கேலி இல்லை, வேலையைப் பற்றிச் சொன்னார். அதுதான் அவரைச் சுட்டது.

“ஏம்மா, ஏழு வருஷமா இதை என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

ராணியம்மாள் சாக்கைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். “நான் சொன்னா? சாமி சோத்தப் போயி குப்ப அள்றவ குத்தம் சொல்றாளேன்னு வேலைய உட்டே எடுத்திருப்பீங்க. நீங்க என்னிக்காவது கேட்டீங்களா சார்?”

அதற்குள் கண்ணாயிரம் வளைவைத் தாண்டி வந்தார். கையில் அந்த முதல் தட்டு, படைத்த மேனி அழியாமல். சாக்கைப் பார்க்காமலே, பல வருஷப் பழக்கத்தில், குறி தவறாமல் வீசினார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவர் கோதண்டராமனைப் பார்த்துவிட்டார். கை வழுக்கிவிட்டது சார் என்றார். கொஞ்சமும் கூசாமல், அமிர்தம் வீணாகிவிட்டதே என்று வருத்தப்பட்டு, திரும்பிப் பந்தலுக்குப் போனார். அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க கோதண்டராமனுக்கு அருவருப்பாக இருந்தது. அந்தப் பதினான்கு பேர் மேலும், கண்ணைத் துடைத்த அம்மாள் மேலும், தன் மேலும். இந்த மண்ணாங்கட்டிகளின் கும்பிடுக்காகவா பதினோரு வருஷம் பாலும் பழமும் தின்றோம் என்று நினைத்தார். நினைத்ததும் வேறொன்று ஞாபகத்துக்கு வந்தது. முதல் பௌர்ணமிக்கு வள்ளிக்கு விரதம் கிடையாது. அவள் அன்றைக்குப் பந்தலில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மறுமாதத்திலிருந்துதான், எனக்கும் பக்தி வந்துவிட்டது என்று சொல்லி விரதத்தில் சேர்ந்தாள்.

கைப்பிடிச் சுவரின் கோடியில் ஹென்க் உட்கார்ந்திருந்தார். மடியில் தட்டு. முக்கால்வாசி காலி. கசப்பு மருந்து குடிக்கிற குழந்தையைப் போல முகத்தைச் சுளித்துக்கொண்டே, ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆடி மாதம் அண்டா முன்னால் வந்து நின்றபோது அந்தக் கையில் இருந்தது காலித் தட்டு என்பது கோதண்டராமனுக்கு இப்போதுதான் உறைத்தது. அவர் அருகில் போய் நின்றார்.

“நல்லா இல்லன்னு தெரியுது. அப்புறம் எதுக்குச் சாப்பிடறீங்க?”

ஹென்க்குக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. “இது சாப்பாடு சார். நீங்கள் சமைத்தது,” என்றார். பிறகு நேர்மையாக, “இன்று சென்ற மாதத்தைவிட மோசம்,” என்றும் சேர்த்துக்கொண்டார்.

கோதண்டராமன் விறுவிறுவென்று பந்தலுக்குத் திரும்பினார். சரவணகுமாரின் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கி, இரண்டாவது அண்டாவின் அடியிலிருந்து ஒரு கை சாதம் எடுத்து, வரிசை பார்க்க, மலை பார்க்க, வாயில் போட்டார். பதினோரு வருஷ விரதம் முறிந்தது. கருகலும் கசப்பும் நாக்கில் அப்பி, தொண்டைக்குள் புகையாக இறங்கியது. பொடி போட்ட மூக்குக்குக்கூட அது எட்டியது. இதைத்தான் நூறு பௌர்ணமிக்கு ஜனங்களின் தட்டில் போட்டு நிமிர்ந்து நின்றோமா என்று அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது.

“அடிபிடிச்சிருக்கு,” என்றார் உரக்க. “யாரும் வாங்காதீங்க. நான்தான் சமைச்சேன், நான்தான் சொல்றேன். அடிபிடிச்சிருக்கு.”

வரிசையின் முதலில் நின்ற விழுப்புரத்துப் பெரியவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நீட்டிய தட்டை இழுக்காமலே, சாமி சோற்றைக் குறை சொல்கிறாயே, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று கேட்டார். பின்னால் நின்றவர்கள் பாவம், பாவம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நூறு மாதமாகக் கும்பிட்ட கைகள் அவரை அற்பனைப் போல் ஒதுங்கச் சொல்லி ஆட்டின. சரவணகுமார், சார் மானத்தை வாங்காதீங்க என்று முழங்கையைப் பிடித்து இழுத்தான்.

கண்ணாயிரம் அவசரமாக மைக்கைக் கையில் எடுத்தார். அண்ணன் விரதத்தை முறித்துவிட்டார், விரதம் முறித்த நாக்குக்கு அமிர்தமும் கசக்கத்தான் செய்யும், பக்தர்கள் மனம் கலங்க வேண்டாம் என்று பாதை முழுக்கக் கேட்கும்படி விளக்கம் சொன்னார். பிறகு மைக்கை மூடிக்கொண்டு பக்கத்திலிருந்தவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். மூடியது சரியாக மூடவில்லை.

“இன்னா இருந்தாலும் கீழ்பென்னாத்தூர்க்காரரு. வெளியூரு ஆளுக்கு நம்ம ஊரு சாமி சமாச்சாரம் எங்க புரியப்போவுது.”

இங்கிருந்து கீழ்பென்னாத்தூருக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம்.

அன்று கடையில் சொன்ன சொல்லுக்குக் கோதண்டராமன் கரண்டியை அண்டாவின் குறுக்கே வைத்தார். வைத்த கை விலகுவதற்குள் கண்ணாயிரம் அதை எடுத்துக்கொண்டார். வரிசை ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. விழுப்புரத்துப் பெரியவர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அமிர்தம் சார் என்றார், கண்ணாயிரத்திடம்.

கோதண்டராமன் அடுக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்து வரிசையின் கடைசியில் போய் நின்றார். முறை வந்ததும் தட்டை நீட்டினார். கண்ணாயிரம் அவர் முகத்தைப் பார்க்காமல் போட்டார். அதை எடுத்துக்கொண்டு வளைவைத் தாண்டிப் போய், கைப்பிடிச் சுவரில் ஹென்க் பக்கத்தில், மலைக்குக் காலை நீட்டாமல் மடக்கி உட்கார்ந்தார். முதல் கவளம் குமட்டியது. இரண்டாவதும் குமட்டியது. பக்கத்திலிருந்தவர் தன் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்.

எதிரே, இவ்வளவு நேரமும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்த அந்த விழுப்புரத்துப் பெரியவர் எழுந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு தட்டை மடித்து வீசிவிட்டுப் போனார். ராணியம்மாள் அப்படியே திரும்பி, கோதண்டராமனிடமும் சாக்கை நீட்டினார். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தட்டில் இன்னும் பாதி இருந்தது.